வேலூர் வட்டாரத்தில் மருத்துவப் பதிவுகளை ஒருமைப்படுத்திய வரலாறு

மருத்துவத் தரவு ஒருமைப்படுத்தல் என்பது ஒரு மருத்துவமனையில் எழுதப்பட்ட குறிப்பை இன்னொரு மருத்துவமனை அதே பொருளில் எடுத்துப் பயன்படுத்தும்படி சொற்களையும் எண்களையும் படிவங்களையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. இன்று இது கணினித் துறையின் வேலையாகவே பேசப்படுகிறது. ஆனால் இன்றைய வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்கள் சேர்ந்திருந்த பழைய வடாற்காடு மாவட்டத்தில் இதன் முக்கியமான முயற்சி ஒன்று அச்சிட்ட அஞ்சலட்டைகளைக் கொண்டு நடந்தது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவர், மிஷன் மருத்துவமனை ஆகிய மூன்று தரப்பும் ஒரே படிவத்துக்கு உடன்பட்டதுதான் அதன் சாதனை. கணினி பின்னால் வந்தது. உடன்பாடு எட்டுவது இன்றும் எளிதாகிவிடவில்லை.

சந்திப்பு நிலையம்

சென்னையிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதையில் பெங்களூர்க் கிளை பிரியும் இடம் ஜோலார்பேட்டை. பெங்களூர்ப் பாதை 1864-இல் திறக்கப்பட்டது. இந்த ஊர்க்காரர் நோயுற்றால் எடுக்கும் வழியும் ரயில் பாதையைப் போலவே பிரிகிறது. முதலில் உள்ளூர் மருத்துவர், பிறகு திருப்பத்தூர் அரசு மருத்துவமனை. அங்கும் தீராவிட்டால் காட்பாடி வழியாக வேலூர், அல்லது எதிர்த்திசையில் பெங்களூர். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளிலோ ஷூ கம்பெனிகளிலோ வேலை செய்பவரானால் இ.எஸ்.ஐ. மருந்தகமும் இடையில் வரும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு புது எண், ஒரு புதுச் சீட்டு. இவை எல்லாவற்றையும் இணைப்பது நோயாளி கையில் தூக்கிச் செல்லும் பிளாஸ்டிக் பைதான்.

ரயில்வேயும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. பெங்களூர் வரை அகலப்பாதை, அங்கிருந்து மைசூருக்கு மீட்டர் பாதை. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905 முதல் 1936 வரை ஓடியது குறும்பாதை வண்டி. பாதையின் அகலம் மாறும் இடத்தில் சரக்கை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டத்தை இந்திய ரயில்வே 1992-இல்தான் கையில் எடுத்தது. தண்டவாளத்துக்கு அளவு ஒன்றுதான். அதை ஒரு கோலால் அளந்துவிடலாம். நோயை எந்தக் கோலால் அளப்பது என்பதில்தான் மருத்துவத்தின் சிக்கல் தொடங்குகிறது.

காய்ச்சல் என்ற பெரிய பை

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899-இல் ஒரு சட்டம் வந்தது. கிராமங்களில் பதிவேட்டை வைத்திருந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், கிராம அதிகாரிகள். வரி வசூலும் நிலக் கணக்கும் பார்த்தவர்களே சாவின் காரணத்தையும் எழுதினார்கள். காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சுவாச நோய், காயம், பிற என்பன போன்ற ஒரு சில தலைப்புகளில் எல்லாச் சாவும் அடங்கியாக வேண்டும். இவற்றில் மிகப் பெரிய பை 'காய்ச்சல்'. மலேரியாவும் டைஃபாய்டும் பிரசவத்துக்குப் பின் வந்த சீழ்க்காய்ச்சலும் ஒரே பெயரில் அதற்குள் போயின.

இதற்காகக் கிராம அதிகாரிகளைக் குறை சொல்வது நியாயமாகாது. கொடுத்த படிவத்தை அவர்கள் நிரப்பினார்கள். காலராவும் பெரியம்மையும் ஊரே அறிந்த நோய்கள் என்பதால் அந்த இரண்டு கட்டங்கள் ஓரளவு நம்பத்தக்கவை. பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவேடு அவர்கள் கைக்கு மாறியது.

அதற்குள் 1969-இல் நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்திருந்தது. மருத்துவர் கையொப்பமிடும் மரணக் காரணச் சான்றிதழுக்கும் அதில் இடம் இருந்தது. மருத்துவர் பார்க்காமல் வீட்டிலேயே நேரும் சாவுகளுக்கு அந்தச் சான்றிதழால் பயனில்லை.

'நதி' என்ற அஞ்சலட்டைத் திட்டம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது சி.எம்.சி., ஐடா ஸ்கட்டர் 1900-இல் தொடங்கிய சிறு மருந்தகத்திலிருந்து வளர்ந்தது. அங்கே நச்சுயிரியல் துறையை வளர்த்தவர் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான். இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து மேலைநாடுகளில் மூன்று தவணையில் தந்த பாதுகாப்பை வேலூர்க் குழந்தைகளுக்குத் தரவில்லை என்று 1970களில் எடுத்துக்காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, அது போடப்பட்ட பிறகும் யாருக்கு நோய் வந்தது என்று தெரிய வேண்டும். அந்தக் கணக்கு மாவட்டத்தில் எவரிடமும் முழுமையாக இல்லை. அரசு மருத்துவமனைக்கு வந்த குழந்தையைப் பற்றி அரசுக்குத் தெரியும். ஆற்காட்டிலோ குடியாத்தத்திலோ தனியார் மருத்துவரிடம் போன குழந்தை அரசின் கணக்கில் சேராது.

இந்த இடைவெளியை நிரப்ப 1980களில் உருவானது வடாற்காடு மாவட்ட நலவாழ்வுத் தகவல் திட்டம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'நதி' என்று வரும். பாலாற்றில் தண்ணீர் பார்ப்பதே அரிதாகிவிட்ட மாவட்டத்துக்கு நல்ல பெயர்தான்.

திட்டத்தின் நடைமுறை மிக எளியது. தடுப்பூசியால் தடுக்கக்கூடிய குழந்தை நோய்களும், உள்ளூரில் உடனடி நடவடிக்கை தேவைப்படும் வேறு சில நோய்களும் அடங்கிய குறுகிய பட்டியல் ஒன்று முடிவு செய்யப்பட்டது. அந்த நோய்களில் ஒன்றைப் பார்க்கும் மருத்துவர், அச்சிட்ட அட்டையில் சில விவரங்களை நிரப்பித் தபாலில் போட வேண்டும். ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும். வேலூரில் அட்டைகள் நாள்தோறும் பார்க்கப்பட்டன. ஒரே பகுதியிலிருந்து ஒரே நோய்க்கு இரண்டு மூன்று அட்டைகள் வந்தால் மாவட்டச் சுகாதாரத் துறைக்குச் செய்தி போகும். நடவடிக்கை எடுப்பது அரசின் வேலை, கணக்கை மேற்பார்ப்பது அரசு சாராத அமைப்பின் வேலை என்று பொறுப்பு பிரிக்கப்பட்டிருந்தது.

மாதம் ஒரு முறை ஒரு செய்தி மடல் வெளிவந்தது. எந்த நோய் எத்தனை பேருக்கு வந்தது, என்ன விசாரணை நடந்தது, என்ன செய்யப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். அட்டை அனுப்பிய எல்லா மருத்துவர்களுக்கும் அது போகும். திட்டம் நிலைத்ததற்கு இந்த மடலே காரணம் என்று கொள்ளலாம். ஒரு தனியார் மருத்துவர், தன் சிகிச்சைக்கு எந்த வகையிலும் உதவாத ஒரு படிவத்தை ஏன் நிரப்ப வேண்டும்? தான் அனுப்பிய அட்டை எங்கேயோ ஒரு கிராமத்தில் தடுப்பூசி முகாமாக மாறியது என்று அடுத்த மாதம் படித்தால் நிரப்புவார். பதில் வராத படிவத்தை எவரும் நெடுநாள் நிரப்புவதில்லை.

பட்டியலைக் குறுக்கி வைத்ததும் கவனிக்கத்தக்கது. 'மூளைக்காய்ச்சல்' என்று ஒருவர் எழுதுவதும் 'வலிப்புடன் கூடிய காய்ச்சல்' என்று இன்னொருவர் எழுதுவதும் ஒரே நோயாக இருக்கலாம். இரண்டு வெவ்வேறு நோய்களாகவும் இருக்கலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் 1955-இல் அடையாளம் காணப்பட்டது இந்த வடாற்காட்டில்தான். ஆகவே பெயர்க் குழப்பத்தின் விலை இங்குள்ள மருத்துவர்களுக்குப் புதிதல்ல. குறுகிய பட்டியலில் ஒவ்வொரு நோய்க்கும் எதைப் பார்த்தால் அட்டை போடுவது என்று பேசி முடிவு செய்ய முடியும். நூறு நோய்களுக்கு அது முடியாது.

ஏறத்தாழ 50 லட்சம் மக்கள் வாழ்ந்த மாவட்டத்தில் நடந்த இந்தத் திட்டத்தைப் பற்றி ஜேக்கப் ஜானும் அவருடைய சக ஊழியர்களும் 1998-இல் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார்கள். வளரும் நாடுகளுக்கு மாவட்ட அளவில் ஒரு மாதிரி என்று அதை முன்வைத்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் சூரத்தில் பிளேக் பரவியதாக வந்த செய்தியால் நாடே பதறியிருந்தது. நோய்க் கண்காணிப்பு இந்தியாவில் எவ்வளவு பலவீனமானது என்பதை அந்தப் பதற்றம் காட்டியிருந்ததால், வேலூரின் அனுபவம் கவனம் பெற்றது. கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் இதே வழியைப் பின்பற்றியது. 2004-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. களப் பணியாளருக்கு ஒன்று, மருத்துவருக்கு ஒன்று, ஆய்வகத்துக்கு ஒன்று என மூன்று படிவங்களை அது வகுத்தது. வேலூரின் அட்டை ஒன்றே ஒன்றுதான் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

கணியம்பாடியின் சாவுகள்

வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமுதாய நலவாழ்வுத் துறை வேறொரு வகைப் பதிவை வளர்த்தது. அட்டைத் திட்டம் பல மருத்துவமனைகளை ஒரு நோய்ப் பட்டியலில் இணைத்தது. கணியம்பாடியிலோ ஒவ்வொரு வீடும் பதிவுக்குள் வந்தது. கிராமத்தின் நலப் பணியாளர் பிறப்பு, இறப்பு, கர்ப்பம், தடுப்பூசி ஆகியவற்றைத் தெரிவிப்பார். அடுத்த நிலைப் பணியாளர், செவிலியர், மருத்துவர் என்று படிப்படியாக மேலே உள்ளவர்கள் அதைச் சரிபார்ப்பார்கள். 1980களிலேயே இந்தப் பதிவுகள் கணினிக்கு மாற்றப்பட்டன. இந்தியாவில் ஒரு கிராமப்புற ஒன்றியத்தின் மக்கள் முழுவதையும் கணினியில் தொடர்ந்து பதிந்த ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று.

மருத்துவர் இல்லாமல் வீட்டில் நேர்ந்த சாவுக்கு என்ன காரணம் எழுதுவது? இதற்கு 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை' என்ற முறை பயன்பட்டது. இறந்தவரின் வீட்டாரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் ஒரே ஒழுங்கில் கேள்விகள் கேட்டு, கிடைத்த பதில்களை மருத்துவர்கள் படித்துக் காரணத்தை முடிவு செய்வது இந்த முறை. உடலை அறுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் எல்லாச் சாவுக்கும் ஒரே கேள்விகள் கேட்கப்படுவதால், ஆண்டுகளை ஒப்பிடலாம், ஊர்களை ஒப்பிடலாம்.

ஒப்பிட்டபோது வெளிவந்தது ஒருவரும் எதிர்பாராதது. 1994 முதல் 1999 வரையிலான சாவுகளை ஆராய்ந்து 2003-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட கட்டுரையின்படி, சுமார் 1,08,000 பேர் வாழ்ந்த அந்த ஒன்றியத்தில் தற்கொலை விகிதம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு 95.2. காவல் துறைப் பதிவுகளைக் கொண்டு தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தந்த நாட்டுச் சராசரி ஏறத்தாழ 11. அடுத்த ஆண்டு 'லான்செட்' இதழில் 10 முதல் 19 வயதினர் பற்றிய கணக்கு வந்தது. 1992 முதல் 2001 வரையான பத்தாண்டில் அந்த வயதுப் பெண்களிடையே விகிதம் 1 லட்சத்துக்கு 148, ஆண்களிடையே 58. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தற்கொலையால் இறந்திருந்தார்கள்.

கணியம்பாடி மற்ற ஊர்களைவிடத் துயரமானது என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். மற்ற ஊர்களில் யாரும் இப்படி எண்ணவில்லை. தற்கொலை முயற்சி அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவின்படி குற்றம். காவல் நிலையம், விசாரணை, அரசு மருத்துவமனைப் பிரேதப் பரிசோதனை, ஊர்ப் பேச்சு ஆகியவற்றுக்கு அஞ்சும் வீட்டார் 'வயிற்றுவலி' என்று சொல்லிவிடுவது புரிந்துகொள்ளக்கூடியதே. காவல் துறையிடம் ஒரு பதில், வாரந்தோறும் வாசலுக்கு வரும் நலப் பணியாளரிடம் ஒரு பதில். பதினைந்து வயதுப் பெண்ணின் சாவு எந்தப் பதிவேட்டில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து அது இருக்கிறது அல்லது இல்லாமல் போகிறது. பூச்சிமருந்தைப் பூட்டி வைப்பது பற்றியும் கிராமத்து இளம்பெண்களின் மனநலம் பற்றியும் பின்னால் நடந்த விவாதங்களுக்கு இந்த எண்கள் அடிப்படையாயின.

குறியீடுகள்

மரணக் காரணங்களுக்கு உலகப் பொதுப் பட்டியல் ஒன்றை முதலில் தந்தவர் பாரிஸ் நகரப் புள்ளியியலாளர் ஜாக் பெர்டியோன், ஆண்டு 1893. அதன் வழிவந்ததுதான் இன்று உலக சுகாதார நிறுவனம் நடத்தும் ஐ.சி.டி. என்ற பன்னாட்டு நோய் வகைப்பாடு. மருத்துவமனைக் கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாற 1987-இல் அமெரிக்காவில் எச்.எல்.7 என்ற அமைப்பு உருவானது. அதன் புதிய வடிவம் 'ஃபயர்'. ஆய்வகச் சோதனைகளுக்கு லாயின்க், மருத்துவச் சொற்களுக்கு ஸ்னோமெட் எனத் தனித்தனித் தொகுப்புகள் உள்ளன. இந்தியா 2013-இல் மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான தரங்களை வெளியிட்டு, 2016-இல் திருத்தியது. ஸ்னோமெட்டை இந்தியாவில் கட்டணமின்றிப் பயன்படுத்த 2014 முதல் வழி உண்டு.

இவை ஏன் தேவை என்பதற்கு ஓர் எளிய உதாரணம். இங்கே சர்க்கரை அளவு 180 என்று எழுதுகிறோம். அதே இரத்தத்தை மில்லிமோல் கணக்கில் எழுதும் நாட்டில் சோதித்தால் சீட்டில் 10 என்று இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய வாணியம்பாடிக்காரர் இந்த இரண்டு சீட்டுகளையும் அருகருகே வைத்துத் தன் சர்க்கரை திடீரென ஏறிவிட்டது என்று பயப்படலாம். எண்ணோடு அலகும், எந்தச் சோதனை என்ற குறியீடும் சேர்ந்து பயணித்தால் கணினியே மாற்றிக் காட்டிவிடும்.

பெயரும் ஊரும்

குறியீட்டுக்குள் அடங்காதவையும் உண்டு. மேலைநாட்டில் வரைந்த படிவங்கள் பெயரை இரண்டாகப் பிரிக்கின்றன: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். தமிழருக்கு இனிஷியல்தான் உண்டு. அதை ஒரு மருத்துவமனை முன்னால் போடும், இன்னொன்று பின்னால் போடும், மூன்றாவது இடத்தில் தந்தையின் முழுப்பெயரே குடும்பப் பெயராகிவிடும். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதங்களை எண்ணத் தொடங்கினால் ஒரு பக்கம் போதாது. ஒரே ஆள் கணினியில் மூன்று ஆளாவதும், மூன்று பேர் ஓர் ஆளாவதும் இப்படித்தான். இரண்டாவது வகைத் தவறு ஆபத்தானது. ஒருவருடைய பென்சிலின் ஒவ்வாமை இன்னொருவருடைய பதிவில் போய்ச் சேரும்.

ஊர்ப் பெயரும் அப்படியே. தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு: ஒன்று இங்கே, இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில். வடாற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019 நவம்பர் 28-இல் மூன்றானது. ஜோலார்பேட்டை நகர்ந்துவிடவில்லை, ஆனால் அது இருக்கும் மாவட்டத்தின் பெயர் முப்பது ஆண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. பழைய வரிசையோடு புதிய எண்களை ஒப்பிட விரும்புபவர் முதலில் எல்லைகளைத் தைக்க வேண்டும். புது மாவட்டம் பிறந்து நான்கு மாதங்களில் கொரோனா ஊரடங்கு வந்தது. தினசரி எண்ணிக்கையில் திருப்பத்தூர் தனி வரியாக நின்றது.

மாநிலத் திட்டங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதியும் 'பிக்மி' வேரூன்றியது. கர்ப்பிணிக்குத் தரப்படும் 12 இலக்க எண் பின்னர் பிறப்புச் சான்றிதழோடு இணைக்கப்பட்டது. சான்றிதழ் வேண்டும் என்பதால் தனியார் மருத்துவமனைகளும் அந்த எண்ணைக் கேட்டு எழுதுகின்றன. 'நதி'யின் செய்தி மடல் செய்த வேலையை இங்கே சான்றிதழ் செய்கிறது என்று சொல்லலாம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 27-இல் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. அதன் 14 இலக்க 'ஆபா' எண், நோயாளியின் சம்மதத்தோடு பதிவுகளை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு 'ஃபயர்' வடிவில் அனுப்ப வழி செய்கிறது.

தோல் தொழிலாளியின் கை

இந்தப் பகுதிக்கே உரிய சோதனை ஒன்று மீதமிருக்கிறது. தோல் பதனிடுவதில் குரோமிய உப்புகள் பயன்படுகின்றன. அந்த வேலையில் இருப்பவருக்குக் கையில் அரிப்பும் வெடிப்பும் வந்து மருத்துவரிடம் போகிறார் என்று கொள்வோம். ஐ.சி.டி.யின் பத்தாவது திருத்தத்தில் குரோமியம் போன்ற உலோகங்களால் வரும் ஒவ்வாமைத் தோல் அழற்சிக்கு எல் 23.0 என்ற குறியீடு உண்டு. காரணம் குறிப்பிடாத தோல் அழற்சிக்கு எல் 30.9. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் எது எழுதப்படும் என்று ஊகிப்பது கடினமல்ல. இரண்டாவது எழுதப்பட்டால், பதிவு தரத்துக்கு முழுக்க இணங்கியது. எந்தக் கணினியும் அதைப் பிழையின்றிப் படிக்கும். ஆனால் தொழிற்சாலை அதிலிருந்து மறைந்துவிட்டது. அப்படிப்பட்ட பதிவுகளை எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் ஆம்பூரில் தோல் நோய் ஏன் வருகிறது என்று அவை சொல்லமாட்டா.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களுக்கு ஒரு பட்டியல் வைத்தது. குரோமியப் புண்ணும், விலங்குத் தோல் வழியாகப் பரவக்கூடிய ஆந்த்ராக்ஸும் அதில் இருந்தன. அந்த நோய்களைப் பார்க்கும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது 89-ஆவது பிரிவு. நோயாளியின் சிகிச்சைப் பதிவு ஒரு துறைக்கும் தொழில் நோய் அறிவிப்பு இன்னொரு துறைக்கும் போகும் ஏற்பாடு இது. மருத்துவர் அதே விவரத்தை இரண்டு முறை எழுதினால்தான் இரண்டும் நிறைவேறும்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாத்சினி 1700-இல் தொழிலாளர் நோய்கள் பற்றி எழுதிய நூலில் தோல் பதனிடுபவர்களையும் சேர்த்திருந்தார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்றார்: என்ன வேலை செய்கிறாய்? பதிவுச் சீட்டில் தொழிலுக்கு ஒரு கட்டம் இருந்தாலும், 'கூலி' என்று எழுதினால் அது நிரம்பிவிடுகிறது. குரோமியத் தொட்டியில் தோலை அலசுபவரும், ஷூவின் மேற்பகுதியைத் தைப்பவரும், பசை தடவுபவரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மூவரின் கையும் மூச்சும் சந்திப்பவை வேறு வேறு. இந்த வேலைகளுக்கு ஆம்பூர் மருத்துவர்களும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களும் தொழிற்சாலை ஆய்வாளரும் ஒப்புக்கொள்ளும் பட்டியல் ஒன்று வேண்டும் என்றால் அது ஓர் அஞ்சலட்டையில் அடங்கும் அளவே இருக்கும்.